இருபது சென்டிமீட்டருக்கு ஒரு கோடு

பீன்யா இரண்டாம் கட்டம், நான்காம் குறுக்குத் தெரு.
பேட்டரித் தகட்டுக்குப் பசை தடவப் பிறந்த எந்திரம்,
ஒரு பஸ் நீளம்தான்,
கம்பெனி திவாலாகி ஏலத்தில் எங்களிடம் வந்தது.
இப்போது அது ஃபிலிம் பூசுகிறது.
பூசப் பழகுகிறது என்றால் பொய் குறையும்.

ஃபிலிம் செய்ய ஒரு ஊரே வேண்டும் என்பார்கள்:
தனி ஆறு, தனி ரயில், மைல் நீளக் கூடம்.
"ஒரு ஷெட் போதும் சார்" என்றாள் நஸ்ரீன், வங்கியில்.
மேலாளர் தன் போனை எடுத்து மேசையில் வைத்தார்,
இதில் இல்லாத எதை விற்கப்போகிறாய் என்பதுபோல.
கடன் அங்கே கிடைக்கவில்லை. அது வேறு கதை.

நான் மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் வருகிறவள்.
விரல் நுனியெல்லாம் வெள்ளி நைட்ரேட் கறுப்பு.
போன தேர்தலில் சாவடி அதிகாரி
பத்து விரலையும் புரட்டிப் பார்த்துவிட்டு
"எத்தனை ஓட்டும்மா போட்டீங்க?" என்றார்.

பூசும் அறையில் விளக்கு கிடையாது. சிவப்பும் ஆகாது.
கண்ணுக்கும் ஃபிலிமுக்கும் எட்டாத அகச்சிவப்பில்
ஒரு கேமரா மட்டும் விழித்திருக்கும்.
வெளியே திரையில் பார்த்தால்
நஸ்ரீனின் கறுப்புத் துப்பட்டா வெள்ளை.
அவள் நிறமும் என் நிறமும் ஒரே சாம்பல்.
உள்ளே இருக்கும் எங்களுக்கு அதுவும் தெரியாது.
"ஜெசிந்தா, எங்கே இருக்கே?"
"உருளைகிட்ட."
குரலைப் பிடித்துத்தான் நடை.

நாற்பது டிகிரியில் உருகிய ஜெலட்டின்,
அதற்குள் வெள்ளி உப்புப் படிகங்கள்.
முடிக் கனக் குழல்களில் வளர்ந்தவை,
போதும் என்று கணினி சொன்ன நொடியில் நின்றவை.
உதடு போன்ற பிளவிலிருந்து இறங்கி
ஓடும் பட்டையில் படுத்து
குளிர் உருளையில் உறையும்.
நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்.
கரப்பான் பூச்சி பந்தயம் விட்டால் ஜெயித்துவிடும்.

பதினோராம் ஓட்டத்தைக் கழுவிப் பார்த்தோம்.
குறுக்கே ஒரு கோடு.
இருபது சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று.
மறுபடி இருபது.
பம்பைக் கழற்றினோம். பேரிங் மாற்றினோம்.
புனேயிலிருந்து ஒருவர் வந்து
மூவாயிரம் வாங்கிக்கொண்டு
"சாஃப்ட்வேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.
பக்கத்தில் வைத்த டம்ளருக்குள்
தண்ணீர் வட்டம் போட்டது.
ஒன்று, இரண்டு, வட்டம்.
ஒன்று, இரண்டு, வட்டம்.
கையைக் கழுவாமல் எழுந்து போய்ச் சுவரில் காது வைத்தேன்.
அந்தப் பக்கம் கதவுக் கீல் அடிக்கும் பவர் பிரஸ்.
மல்லப்பா மிதிக்க, அது இறங்க,
இரண்டு நொடிக்கு ஒரு கீல்.

லென்ஸ் இல்லை. வெளிச்சம் இல்லை.
கேமராவுக்குள் போகும் முன்பே
எங்கள் ஃபிலிம் தன் முதல் படத்தை எடுத்திருந்தது.
இதைக் கழிவுக் கணக்கில் எழுத
நஸ்ரீனுக்கும் மனம் வரவில்லை. எழுதினாள்.

இனி பூச்சு இரவு பத்துக்கு மேல்,
பிரஸ் தூங்கிய பிறகு.
எனக்குக் கடைசி ரயில் போச்சு.
அதிர்வு தாங்கும் ரப்பர் கால்களுக்கு விலை கேட்டிருக்கிறோம்.
சொன்ன விலைக்கு இன்னொரு எந்திரமே வாங்கலாம்.

கழிவில் இரண்டு மீட்டரை வெட்டி
மல்லப்பாவிடம் கொண்டுபோனேன்.
"இது நீங்க."
டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து
கன்னடத்தில் கேட்டார், மூஞ்சி எங்கே என்று.
கோடுகளைக் காட்டினேன். எண்ணினார்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே மட்டும்
ஒன்றரை முழம் வெறும் சாம்பல்.
அங்கே கட்டைவிரலை வைத்துக் கொஞ்சம் யோசித்தார்.
"பீடி அணைஞ்சிருக்கும்" என்றார்.
"பத்த வெச்சிருப்பேன்."